இடது பக்கம் மிச்சம்

“எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர். எதையும் மிச்சம் வைக்க வேணாம்.”

மனைவியைப் பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்டரம்மா கையில் ஸ்டீல் தட்டு. அதில் அவன் மனைவியின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டிகள், கூழாங்கல் மாதிரி. புற்றுநோய் இல்லையாம். ஆனால் வலது சினைப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. இடதில் கொஞ்சம் நல்ல பாகம் இருக்கிறது. விட்டுவைத்தால் பிள்ளை பிறக்கலாம், கட்டியும் திரும்ப வரலாம்.

“வெளிய அம்மாவைக் கேளுங்கன்னு சொல்லிட்டுத்தான் அவங்க மயக்கத்துக்குப் போனாங்க” என்றார்.

கேட்டார். அம்மாவும் சொல்லிவிட்டாள்.

இத்தனைக்கும் வியாதியே அந்த அம்மா கொடுத்த சீதனம். பரம்பரைக் கோளாறு. பள்ளிக்கூட வயசிலிருந்தே மகளுக்குத் தாடைக்குள் கட்டி, கத்தி, தையல். பிறக்கிற பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் அன்றைக்கே பேச்சை முடித்துவிட்டான். ரிப்பேர் பார்க்க முடிகிற எதையும் அவன் கடையில் தூக்கிப் போட்டதில்லை.

“நீங்க மட்டும் பெத்துக்கிட்டீங்கல்ல அத்தை? உங்க பொண்ணு வயிறுன்னா கிள்ளுக்கீரையா?”

அத்தை தன் தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

“இடது இருக்கட்டும் டாக்டர். கையெழுத்துப் போட்டவன் நான்.”

டாக்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் வார்டில் மனைவி கண் திறந்தாள்.

“எடுத்துட்டாங்களா?”

“இடது பத்திரமா இருக்கு. உங்கம்மா மொத்தமா எடுக்கச் சொன்னாங்க. நான் விடுவேனா?”

இனி நம் வீட்டுப் படி மிதிக்க வேண்டாம் என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டதையும் ஒரு மூச்சில் சொன்னான்.

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நெற்றியைத் தடவிக்கொடுத்தான்.

“அம்மா ஒண்ணும் சொல்லலையா?”

“என்னத்தைச் சொல்வாங்க? வாயே திறக்காம கிளம்பிட்டாங்க.”

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தாங்க. நான் பட்டதை இன்னொரு உசிரு படவேணாம்னு. உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல... ‘பழி என்மேல இருக்கட்டும், நீ மாப்பிள்ளையோட நல்லா இரு’ன்னாங்க அம்மா.”