கொல்லையில் கிடைத்த செம்பு

2071 மார்ச் 9, அருப்புக்கோட்டை. அறுபது வயது கடந்த வீடுகளை இடிப்பது சட்டம். வீட்டின் வயதுக்கு அதன் மண்ணில் புதைந்த பாத்திரமே சாட்சி. மெட்டல் டிடெக்டரோடு வந்த அலுவலர் கொல்லையைத் தோண்டியபோது யாழினி கவலைப்படவில்லை. வீடு கட்டி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

மண்ணுக்குள்ளிருந்து எவர்சில்வர் செம்பு ஒன்று வந்தது. அதில் ‘1998’ என்று வெட்டியிருந்தது.

"வீட்டுக்கு எழுபத்து மூணு வயசும்மா."

"ஐயோ சார், அது எங்க அத்தையோட அம்மா கல்யாணத்துக்கு வந்த செம்பு! போன வருசம் அத்தைகூட சண்டை போட்டு நான்தான் பொதச்சேன்."

பின்னால் நின்ற மாமியார், "குரங்கு தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னியேடி?" என்றார்.

"பொதச்ச வருசத்தச் செம்புல வெட்டலையேம்மா" என்றார் அலுவலர்.

வியாழக்கிழமை வீடு இடிக்கப்பட்டது. மாமியார் கையெழுத்துப் போட்டுச் செம்பை வாங்கிக்கொண்டார்.