தெற்குக் கடலிலிருந்து வந்த புல்

"கடுதாசி வந்துச்சா ஐயா?"

பேராசிரியர் தெவெர்னே தலை நிமிரவில்லை. செடி சேகரிக்கக் கப்பலில் போன கணவனுக்காக, பாரிஸ் தாவரக் கூடத்துக்கு மாதந்தவறாமல் வந்து ஒதெத் கேட்கும் கேள்விதான்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? கடுதாசி இங்கிலீஷ்காரன் கையில சிக்கினா கப்பல் போற இடம் தெரிஞ்சுடும்னு, பயணம் முடியற வரைக்கும் யாரும் வீட்டுக்கு எழுதக் கூடாதுன்னுட்டார் கப்பல் தலைவர். செடிக் கட்டு மட்டும்தான் வரும்."

"அந்தக் கட்டாவது வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டு வருஷம் கடலெல்லாம் சுத்தி உங்க வீட்டுக்காரர் அனுப்பின பொக்கிஷத்தை நீங்களே பாருங்க."

செடிக் கட்டை எடுத்து மேசைமேல் போட்டார்.

"அத்தனையும் புல். நம்ம தோட்டத்துல மிதிபடற அதே புல். அதுவும் கிறுக்கின தாள்ல ஒட்டி. நாளைக்கு அடுப்புக்குத்தான் போகப்போகுது."

ஒதெத் குனிந்து பார்த்தாள். முதல் புல்லை மெல்ல உரித்து அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு அடுத்ததை.

"என்ன பண்றீங்க?"

"புல்லை நீங்களே வெச்சுக்குங்க ஐயா. தாள் எனக்கு வந்தது. மேலயே என் பேரு போட்டிருக்கு."

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். இரண்டு வரி படித்ததும் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"மாடியில இன்னும் மூணு கட்டு கிடக்கு," என்றார். "அதுலயும் புல்தான்."