சட்டம் வருவதற்குள்

"சாமி சிலையைத் திருடுனா இனிமே ஜாமீனே கிடையாதுன்னு சட்டம் கொண்டு வாராகளாமே, நெசமா சார்?"

பழங்காநத்தம் வக்கீல் தட்சிணாமூர்த்தி பேப்பரை மடித்து வைத்தார். கேட்டவர் நாகமலை புதுக்கோட்டை சோணைமுத்து.

"இப்பதைக்கு மசோதாதான். அடுத்த மாசம் சட்டமாயிரும்."

"ஏங்க, அந்தப் பெரிய சாக்கு எங்க?" உள்ளேயிருந்து மனைவி விசாலாட்சியின் குரல்.

"மாடிப்படிக்குக் கீழ பாரு."

சோணைமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதுக்கு முன்னாடி திருடுனா சார்?"

"பழைய சட்டப்படிதான்."

"அப்ப இந்த வெள்ளிக்கிழமையே முடிச்சிரணும்."

வக்கீல் எழுந்துவிட்டார். "யோவ், சிலை திருடப் போறியா?"

"நான் எதுக்கு சார் திருடணும்? சிலையே என்னுது. தோட்டத்துப் பிள்ளையார். ஒரு தெருவுல புதுசா கோயில் கட்டுறாக. பிள்ளையாரைத் திருடியாந்து வச்சாத்தான் விசேஷம்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போயிருக்காக. பாவம், நம்மளால அவுக ஜெயிலுக்குப் போயிரக் கூடாதுல்ல?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சம்மதிச்சு எடுத்தா அது திருட்டே இல்லய்யா."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீக சார்! திருட்டு இல்லைன்னா பிள்ளையாருக்குச் சக்தி ஏது? அன்னைக்கு நான் தூங்குற மாதிரி படுத்துக்கிறதாப் பேச்சு."

"சரி, யாருய்யா அந்தத் திருடன்?"

சோணைமுத்து உள்பக்கமாகப் பார்த்தார்.

"ஏங்க, சாக்கு கிடைச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே விசாலாட்சி வந்தாள். சோணைமுத்துவைக் கண்டதும் சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.