தட்டிவிட்டு வரவும்

கதவில் ஒட்டியிருந்த கேள்வியை அவள் மீண்டும் வாசித்தாள்.

'உங்களால் எதுவும் செய்ய இயலாமற்போன ஒரு தருணத்தைப் பற்றிக் கூறுக.'

மருத்துவக் கல்லூரியின் நேர்முகத் தேர்வு சனிக்கிழமை. அங்கே வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொரு கதவிலும் ஒரு கேள்வி. வாசித்து, யோசித்து, மணி அடித்ததும் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். மறுபடி மணி அடிக்கும்வரை பேசலாம்.

பல்கலைக்கழகத்தில் இது அவளுக்குக் கடைசி ஆண்டு; இங்கே பட்டத்துக்குப் பிறகுதான் மருத்துவம். அத்தனை ஆண்டு உயிரியலும் ஒரு கதவின் முன் வந்து நின்றிருந்தது.

பயிற்சிக்கு வீட்டில் ஓர் அறை தேவைப்பட்டது. ஆளில்லாத அறை ஒன்றே ஒன்றுதான்.

தம்பியின் அறை.

தட்டாமல் வராதே என்று அவன் எப்போதோ எழுதி ஒட்டிய தாள் இன்னும் கதவில் இருந்தது. கேள்வித்தாளை அதற்குக் கீழே ஒட்டினார்கள். பழைய தாளை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

தட்டினாள்.

"கம் இன்" என்றார் அப்பா.

முதல் நாள் அவர் வாங்கோ டொக்டர் என்றிருந்தார். அப்படி எவரும் அழைக்கமாட்டார்கள் என்று அவள் திரும்பிப்போய் மறுபடி தட்டினாள். இப்போது பழகிவிட்டார்.

கல்யாண வீடுகளுக்கு அணியும் கறுப்புக் கோட்டுடன் தம்பியின் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். கோட்டுக்குக் கீழே இடுப்பில் கட்டிய சாரம். மேல பாதி புரொபெசர், கீழ பாதி எங்கட ஆள் என்று காலையில் அம்மா சிரித்திருந்தாள். பிறகு குசினிக்குப் போய்விட்டாள். இந்தக் கேள்வியின் முறை வரும்போதெல்லாம் அம்மா குழாயைத் திறந்துவிடுவாள். பாத்திரங்கள் கழுவப்பட்டுத்தான் இருக்கும்.

இப்போதும் குழாய் ஓடியது.

அம்மா கேக் வேகவைக்கும்போது பக்கத்தில் வைக்கும் சிறு மணி மேசையில் இருந்தது. பொத்தானை அழுத்தி நிறுத்தினாலன்றி அது ஓயாது. அப்பா நேரம் குறித்து அழுத்தினார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். ஆங்கிலத்தில்.

தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். வயது பதினாறு. அவனுடைய கடைசி மாலையில் அம்மா மருத்துவமனையிலிருந்து கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா தொழிற்சாலையில். கைப்பேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் தொழிற்சாலைக்குள் போகலாம். கட்டிலருகே அவள் மட்டும் இருந்தாள். கையைப் பிடித்திருந்தாள். மருத்துவத்தின் எல்லையையும், அந்த எல்லைக்கு அப்பாலும் ஒருவர் அருகில் இருக்க வேண்டியதன் அவசியத்தையும் அங்கே உணர்ந்தாள்.

கடைசி வாக்கியம் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆசிரியை கொடுத்தது. நன்றாக அமைந்த வாக்கியம்.

முதல் வடிவத்தில் இன்னொரு வாக்கியம் இருந்தது. அப்பா வந்துவிட்டாரா, அப்பா வந்துவிட்டாரா என்று தம்பி கதவையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆசிரியை அதன்மேல் கோடு போட்டார். அவர்கள் அறிய விரும்புவது உங்களை, உங்கள் அப்பாவை அல்ல என்றார்.

அவள் மறுக்கவில்லை. நன்றிகூடச் சொன்னாள்.

அந்த வாக்கியத்தை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

முதல் நாள் பாதியில் அழுதாள். அப்பா சன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் குரல் மட்டும் உடைந்தது. பிறகு, தம்பி என்ற சொல்லில் மட்டும்.

இன்று எங்கும் உடையவில்லை. நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினாள். மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள்.

முடித்தபோது மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அப்பா மதிப்பெண் தாளை எடுத்தார். தெளிவு. பரிவு. நேர்மை.

காலையில் முதற் கேள்விக்கு எல்லாவற்றிலும் முழுமையாகக் கொடுத்திருந்தார். நோயாளியின் குடும்பத்திடம் உண்மையை மறைக்கலாமா என்பது அந்தக் கேள்வி. கூடாது என்று அவள் விடையளித்தாள். எவ்வளவு கசந்தாலும் அதை அறிவது அவர்களுடைய உரிமை. டொக்டர் எண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும் என்று அப்பா, தாம் தேர்வாளர் என்பதை மறந்து, மேசையில் தட்டினார்.

தெளிவுக்கு முழு மதிப்பெண் எழுதினார். பரிவுக்கும் எழுதினார்.

பேனா நின்றது.

நேர்முகத் தேர்வில் தொடர்ந்து துணைக் கேள்விகள் கேட்பார்கள். அவற்றுக்கும் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்து வாசிப்பதே அவர் வழக்கம்.

இப்போது தாளைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

"பிள்ளை, கடைசியில அவன் என்னைத் தேடினவனோ?"

தமிழில் கேட்டார்.

அந்த மாலையை அவள் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை.

குசினியில் குழாய் நின்றது.

"இல்லையப்பா. நல்ல நித்திரை."

ஓர் எழுத்துக்கூட நடுங்கவில்லை.

அப்பா தலையசைத்தார். நெடுநேரம் அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, நேர்மைக்கு நேரே முழு மதிப்பெண் எழுதினார். எழுதிய எண்ணின்மேலேயே பேனாவை மறுபடியும் ஓட்டினார். மறுபடியும்.

"தாங்க் யூ. யூ மே கோ."

அவள் எழுந்து வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

உள்ளே மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது.

மணி அடித்தால் தட்ட வேண்டும்.

கையை உயர்த்தினாள். தம்பியின் தாள் கண்ணுக்கு நேரே இருந்தது.

தட்டினாள்.