பாதுகாவலர் கையெழுத்து

காலைத் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தபோதுதான் அங்கம்மாவுக்கு வெலிமடையிலிருந்து சாவுச் செய்தி வந்தது. முதியோர் இல்லப் பொறுப்பாளர் ஆர்த்திகாவிடம் தட்டுத்தடுமாறி வந்தாள்.

"மிஸ், நாலு மணிக்கு எடுத்துருவாங்க. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துர்றேன்."

ஆர்த்திகா பதிவேட்டிலிருந்து நிமிரவில்லை. "உங்கள இங்க சேர்த்தவர் கையெழுத்து இல்லாம வெளிய விட முடியாதும்மா. அதான் சட்டம். போன மாசம் கோயிலுக்குன்னு போன பெரியவர் அப்புத்தளையில ரயிலேறிட்டாரு."

"வேற யாரும் போடக் கூடாதா?"

"கூடாது. அவருக்கே ஒரு போன் கோல் எடுங்க, வந்து போடட்டும்."

"அவன் எப்படி மிஸ் வருவான்? அவனத்தானே எடுக்கப் போறாங்க."

ஆர்த்திகா உடனே மேலிடத்துக்குப் பேசினாள். மரணச் சான்றிதழ் வந்த பிறகுதான் பாதுகாவலரை மாற்றலாம் என்றார்கள்.

நாலு மணிக்கும் வாசற்கதவு பூட்டியே இருந்தது. படிவத்தில் அங்கம்மாவின் பாதுகாவலர், மகன் நிருபன்.