கழுத்தில் தொங்கிய சாவி

கமறியா கண்ணைத் துடைத்ததுதான் தாமதம், பக்கத்துப் பெண்களும் முக்காட்டு நுனியைத் தேடத் தொடங்கினார்கள். திரையில், தன் ஊரிலிருந்து துரத்தப்பட்டு வேறு நாட்டில் சாகக் கிடந்த அறபு எழுத்தாளர் பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஏழு வருஷம் வேலைக்கு நின்றவள் அழாமல் வேறு யார் அழுவது?

மகள் றஹ்மா மட்டும் அழவில்லை. "வாப்பா மௌத்தாகி அடக்கின நேரம் கூட வராத நீங்க, இந்த ஆளுக்கு அழுறீங்களா உம்மா?" என்று காதோரம் கேட்டாள்.

அதுவும் ஐந்து வருஷமாகக் கேட்கும் கேள்விதான். "அங்க விடல்ல மகள்" என்ற பதிலை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. சம்பளத்தை விட மனமில்லாமல் உம்மா நின்றுவிட்டாள் என்று எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள்.

'ஒரு மனிதனை அவன் வீட்டுக்குப் போகவிடாத அரசு, அரசே அல்ல' என்று எழுத்தாளரின் பேச்சு தமிழில் கீழே ஓடியது. கண்டக்குழிப் பள்ளிக்கூட மண்டபமே பெருமூச்சு விட்டது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, சண்டை முடிந்து மூன்று வருஷமாகியும் ஊர் திரும்பாத சனம். அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை தண்ணீர்க் குவளையை நீட்டியது. படம் பிடித்தவர்கள் அவள் முகத்தைக் காட்டவில்லை. கையைக் கண்டதும் எழுத்தாளர் தன் கழுத்தில் தொங்கிய சாவியைச் சட்டென்று பொத்திக்கொண்டார்.

படம் போட்டுக் காட்டிய ஜவாஹிர் மாஸ்டர் அதை அப்படியே நிறுத்தினார். திரையில் அந்தச் சாவியைச் சுட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா, பறிபோன வீட்டுட சாவி. எங்கட உம்மாவும் மன்னார் வீட்டுச் சாவிய மௌத்தாகுமட்டும் மடியிலதான் வச்சிருந்தா."

இப்போது ஆண்களும் அழுதார்கள். மாஸ்டர் மைக்கை நீட்டினார்.

"கமறியா ராத்தா, கடைசிவரைக்கும் அவரோட இருந்தது நீங்கதானே. இந்தச் சாவியப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க."

கமறியா எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. மகளைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்தப் படம் புடிச்ச அண்டைக்குத்தான் மகள், வாப்பா மௌத்தான செய்தி வந்த. அந்தத் தண்ணியக் குடுத்துட்டு, அவர்ட கால்ல விழுந்து ஊருக்குப் போகக் கேட்டன்."

றஹ்மா நிமிர்ந்தாள்.

"அது வீட்டுச் சாவியில்ல. என்ட பாஸ்போட்ட வச்சுப் பூட்டின அலுமாரிச் சாவி."