குருட்டு அதிர்ஷ்டம்

"கட்! கட்! மறுபடியும் மங்கல்!"

டைரக்டர் தொப்பியைக் கழற்றி மொட்டைமாடித் தரையில் அடித்தார். ஐந்தாவது டேக்கும் போச்சு.

திட்டு முழுக்க ஃபோகஸ் அக்காவுக்குத்தான். கேமரா வளையத்தைத் திருப்பிப் படத்தைத் தெளிவாக வைக்கணும், அவள் வேலையே அது ஒன்றுதான். பதினெட்டு வருஷமாகச் செய்கிறாள்.

"கண்ணு தெரியலையாக்கா? தெரியலைன்னா வீட்ல உட்கார்ந்து ரெஸ்ட் எடுங்க."

"வயசாச்சுல்ல சார்," என்றாள் அக்கா, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

எடுக்கிற பாட்டு பெண்களின் எழுச்சியைப் பற்றியது. வரிக்கு வரி தலை நிமிரச் சொல்கிறது. கேமரா மட்டும் தலைப் பக்கமே போகவில்லை.

ஆடுகிற பெண்ணுக்கு இது முதல் பாட்டு. முதல் டேக்கிலேயே டிரஸ்ஸில் இடுப்புப் பக்கத் தையல் விட்டுவிட்டது. கையால் பொத்திக்கொண்டே நின்றாள்.

"சார், ரெண்டே நிமிஷம். ஒரு தையல் போட்டுக்கறேன்."

"வேணாம்மா. இப்படி இருந்தாத்தான் பாட்டு ஓடும்."

"என் தம்பி கிளாஸே பார்க்கும் சார்..."

"பார்க்கட்டுமே, வியூஸ் ஏறும்! கையை எடு. கேமரா, இன்னும் கீழ இறங்கு!"

கையை எடுத்தாள். ஆடினாள்.

ஆறாவது டேக்கும் மங்கல்.

மேகம் திரண்டு வந்தது. வெளிச்சம் இன்னும் பத்து நிமிஷம் தாங்கினால் பெரிசு.

"தொலையுது! முகத்தை மட்டும் எடுங்க. அதாச்சும் தெளிவாத் தெரியுதான்னு பார்ப்போம்."

தெரிந்தது. பளிச்சென்று.

"குருட்டு அதிர்ஷ்டம்!" என்றார் டைரக்டர். "அக்கா, நாளையிலேருந்து நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"பாருங்க சார்."

எல்லோரும் மூட்டை கட்டினார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்ச கண் டாக்டர் ஒருத்தர் இருக்கார். கூட்டிட்டுப் போறேன், சரியாயிடும்."

"அது கிடக்கட்டும். திரும்பு, அந்தத் தையலைப் போட்டு விடறேன். இப்படியேவா பஸ்ல போவ?"

பையிலிருந்து ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்தாள். நூல் நுனியைப் பல்லால் கடித்தாள். மாடியே இருட்டிக் கிடந்தது. அவளிடம் மூக்குக்கண்ணாடியும் இல்லை.

முதல் தடவையிலேயே நூல் ஊசிக்காதுக்குள் போய்விட்டது.